பலாக்கொட்டை வண்டிக்கு உலக்கைப் பரீட்சை

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் அடிதடி நடக்கக் கூடாது என்பதற்காக ஏற்படுத்தப்பட்டதுதான் சீசன் அமைதிக் கமிட்டி. அதற்கு முந்தைய வருஷம், பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு குடும்பத்தை எந்த விடுதிக்கு இழுத்துப் போவது என்று இரண்டு தரகர்கள் மல்லுக்கு நின்று, ஒருவன் மண்டை உடைந்துவிட்டது. ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு மனசு பொறுக்கவில்லை. ஆளாளுக்கு மண்டையை உடைத்தால் ஊர் என்னத்துக்கு ஆகும், அதற்கென்று ஒரு முறை வேண்டாமா என்று கூடிப் பேசிக் கமிட்டி அமைத்தார்கள். தொண்டர்களைச் சேர்த்து ஆளுக்கொரு பூண் போட்ட கம்பு வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு உடைந்த மண்டைகள் எல்லாம் அமைதிக்காக உடைந்தவை. அவற்றை அடிதடி என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னவர்களும் ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை.

தலைவர் தில்லைநாயகம். ரிட்டையர் ஆன ரெவின்யூ இன்ஸ்பெக்டர். காரியதரிசி சிவனணைந்தபெருமாள், அரிசி மில் முதலாளி. தலைவர் தும்மப் போகிறார் என்று தெரிந்தாலே ‘நூறு வயசு’ போடுகிறவர். தொண்டர் படைக்குத் தலைமை சுடலைக்கண்ணு. ஆபீஸ் சுவரில், ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்று நீலச் சாயத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

கமிட்டியின் பிரதான வேலை உலக்கைப் பரீட்சை. சீசனில் ஆள் தங்குகிற இடம் எதுவானாலும் அதன் சுவர் பலமானதா என்று பார்த்தாக வேண்டும். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, ‘அமைதி வாழ்க’ என்று கோஷம் போட்டுவிட்டு உலக்கையால் சுவரில் இடிப்பார்கள். சுவர் நின்றால் சர்டிபிகேட். விழுந்தால், பொதுமக்கள் தலையில் விழ இருந்த சுவரைக் கமிட்டி முன்கூட்டியே விழ வைத்தது என்று நன்றித் தீர்மானம். ஐந்தருவி ரோட்டில் டீக்கடை வைத்திருந்த ஒலி முகம்மதுவின் கடைச் சுவர் அப்படித்தான் போயிற்று. “இப்பம் காத்து நல்லா வருது” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார் அவர். அதற்குமேல் பேசினால் முதுகிலும் வாங்கிக் கட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கமிட்டியிடம்தான் செல்லப்பா வந்து மாட்டிக்கொண்டார்.

செல்லப்பாவுக்கு ஊர் தென்காசி. ஆரியங்காவுக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டினவர். துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பும்போது, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு சின்ன வண்டியை டிரைவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பலகையால் கூடு கட்டி, மேலே அலுமினியத் தகடு போர்த்தின வண்டி. முன்பக்கம் உருண்டு பருத்து, பின்பக்கம் சரிந்து ஒடுங்கியிருக்கும். உள்ளே நிற்க முடியாது. இரண்டு பேர் மெத்தையில் படுக்கலாம். பக்கத்துக்கு ஒரு குட்டிக் கதவு. பின்பக்கத்தை டிரங்குப் பெட்டி மூடி மாதிரித் தூக்கினால் அடுப்பு வைக்க மேடையும் சாமான் வைக்கத் தட்டும் இருக்கும். சீமையில் இதை என்னவென்று சொல்வார்களோ, தென்காசி ஜனங்கள் பார்த்த மாத்திரத்தில் பலாக்கொட்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். அப்படியே அச்சு.

கார் இல்லாதவன் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செல்லப்பா ஒரு ஜோடி மாட்டைப் பூட்டிக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போய், ஒலி முகம்மது கடைக்கு எதிரே மருதமரத்தடியில் நிறுத்தி வாடகைக்கு விட்டார். அது பிய்த்துக்கொண்டு போனது. காரணம் இருக்கிறது. சீசனில் விடுதிகளில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று படுக்க வைத்துவிடுவார்கள். கல்யாணம் முடிந்த கையோடு வந்த மாப்பிள்ளை, மாமனாரின் குறட்டையைக் கேட்டபடியே பொழுது விடிய வேண்டியதுதான். பலாக்கொட்டைக்குள் மாமனாருக்கு இடமில்லை. செல்லப்பாவின் மனைவி உலகம்மை பின்பக்க அடுப்பில் இட்லியும் சொதியும் செய்து கொடுத்தாள். வண்டியில் ஆள் இருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் சுவரில்லாத டீக்கடையில் படுத்துக்கொண்டார்கள். ஆள் இல்லாதபோது வண்டிக்குள். தென்காசியில் குடியிருந்த வீட்டையும் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள். அந்த வண்டியை விட்டால் அவர்களுக்கு வேறு நாதி கிடையாது.

ஒரு நாள் காலையில் கமிட்டி வந்து நின்றது.

“என்னவே இது? வீடா, வண்டியா?” என்றார் தில்லைநாயகம்.

“வண்டிதாங்கய்யா.”

“வண்டின்னா ஏன் ஓடாம நிக்கி?”

“மாட்டை அவுத்து விட்டிருக்கேங்கய்யா.”

“உள்ள ஆள் இருக்குல்லா?”

“விருதுநகர்க்காரங்க. புதுமாப்பிள்ளையும் பொண்ணும்.”

“அப்பம் வீடு. வீடுன்னா உலக்கை உண்டு.”

செல்லப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, இது வெறும் தகடு. உலக்கை தாங்காது.”

“தாங்காதுன்னு அவரே ஒத்துக்கிடுதாரு. காரியதரிசி, எழுதிக்கிடும்” என்றார் தலைவர். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, சாத்தியிருந்த கதவைக் கம்பால் தட்டினார். “இப்படிக் கதவைச் சாத்திக்கிட்டா உள்ள என்ன நடக்குன்னு கமிட்டிக்கு எப்படிவே தெரியும்? ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள சண்டை போட்டாங்கன்னா அமைதி என்னத்துக்கு ஆகும்?”

கதவு திறந்தது. புதுமாப்பிள்ளை தலையை நீட்டி, “நாங்க சண்டை போடலைங்க” என்றான்.

“கமிட்டி பேசும்போது குறுக்க பேசுதான்” என்று சுடலைக்கண்ணு அந்தத் தலையில் ஒன்று போட்டான். தலையில் ரத்தம் வந்தது. உள்ளே இருந்து பாய்ந்து வந்த புதுப்பெண், சுடலைக்கண்ணுவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தாள். பெண்களை அடிப்பதில்லை என்பது கமிட்டியின் கொள்கை. ஆகவே அவளுக்குச் சேர வேண்டிய அடியும் மாப்பிள்ளைக்கே போயிற்று. அவன் கீழே விழுந்த பிறகு தலைவர் நிதானமாக விளக்கம் சொன்னார்.

“நாங்க யாரையும் அடிக்கதில்ல, தம்பி. அமைதியை நிலைநாட்டுதோம். அதுக்கு நடுவுல எவன் தலையாவது வந்து மாட்டுனா நாங்க என்ன செய்ய?”

கூட்டம் கலைந்ததும் காரியதரிசி மட்டும் பின்தங்கி, செல்லப்பாவின் தோளில் கை போட்டார். “வே, தலைவரோட சம்பந்தி வீட்டுக்காரங்க வருதாங்க. சீசன் முடியுற மட்டும் வண்டியை அவுகளுக்கு விட்டுக்கொடும். உலக்கை விஷயம் கமிட்டிக்கு மறந்து போகும்.”

உலகம்மைதான் பதில் சொன்னாள். “வண்டியைச் சும்மா கொடுத்துட்டு எங்க அடுப்புல எதை வச்சு எரிக்க? உங்க உலக்கையையா?”

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பரீட்சை என்று காரியதரிசி நாள் குறித்துவிட்டுப் போனார். விருதுநகர்க்காரர்கள் அன்றைக்கே பஸ் ஏறினார்கள். மாப்பிள்ளையின் தலைக்கட்டைப் பார்த்த பிறகு வண்டியை யாரும் வாடகைக்குக் கேட்கவில்லை. உலகம்மை மெத்தையிலிருந்த ரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். செல்லப்பாவுக்கு அழுகை வந்தது. யாரைப் பார்த்து அழுவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் காரியதரிசியின் வெள்ளிச் சொம்பு களவு போயிற்று. களவாண்டவனைச் சுடலைக்கண்ணு கையும் மெய்யுமாகப் பிடித்தான். பிடித்துப் பிரயோசனமில்லை, கட்டிப் பிடித்தாலும் நழுவுவதற்காகக் களவுக்குப் போகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு போவது அந்தப் பக்கத்து வழக்கம். சுடலைக்கண்ணுவின் கையில் எண்ணெய்தான் மிஞ்சியது. கமிட்டி அவசரமாகக் கூடியது. மறுநாள் விடிந்ததும் தமுக்கு அடித்து உத்தரவு சொன்னார்கள்.

‘இதனால் சகலருக்கும் தெரிவிப்பது. உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு கோவணத்தோடு நடமாடும் ஆசாமிகளைக் கண்ட இடத்தில் பொதுமக்கள் அடிக்க வேண்டியது. அடிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் களவுக்கு உடந்தையாகக் கருதப்பட்டு அவர்களும் அடிக்கப்படுவார்கள். அமைதி வாழ்க.’

எந்த ஊரில் போட வேண்டிய உத்தரவு பாருங்கள்! சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவன் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் அருவிக்குப் போனால்தான் ஊர் அவனை ஒரு மாதிரி பார்க்கும். பேரருவிப் பக்கம் அன்று காலையில் நடந்ததைச் சொல்லி மாளாது. எண்ணெய் தேய்த்துவிடுகிற இசக்கி ரொம்பவும் நேர்மையான ஆள். தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, உருவி, தட்டி, கூலியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, பிறகு உத்தரவுப்படி அதே ஆளை வெளுத்து அனுப்பினான். ஒரு சப்-ரிஜிஸ்திரார், ‘நான் யார் தெரியுமா’ என்று கத்திக்கொண்டே பாறை பாறையாக உருண்டார். அண்ணன் தம்பிகள், தாங்கள் உடந்தை இல்லை என்று காட்டுவதற்காக ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அடிக்கக் கையை ஓங்கினவன் கையிலும் எண்ணெய் இருந்ததால் அவனைப் பின்னாலிருந்து வேறொருவன் அடித்தான். தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் எண்ணெய் வழிந்து, கட்டுப்போட வந்த கம்பவுண்டர் வழுக்கி விழுந்து, அவரும் படுக்கையில் சேர்ந்தார்.

இத்தனைக்கும் தலைவரும் காரியதரிசியும் எண்ணெய்க் குளியலை ஒரு நாள்கூட விடவில்லை. தங்கள் உடம்பில் இருப்பது எண்ணெய் அல்ல, தைலம் என்பது தலைவருடைய அபிப்பிராயம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில், தைலத்தோடும் கோவணத்தோடும் இருவரும் ஐந்தருவிக்கு நடந்தார்கள். வழியில் பலாக்கொட்டை கதவு திறந்து கிடந்தது. செல்லப்பா மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட ஓடைக்குப் போயிருந்தார். உலகம்மை வண்டிக்குப் பின்பக்கம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் எப்படியும் படுக்கப் போகிற மெத்தை, எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று தலைவருக்கு ஆசை வந்தது. உள்ளே நுழைந்தார். காரியதரிசியும் நுழைந்தார்.

வண்டி ஆடுகிறதே என்று உலகம்மை எட்டிப் பார்த்தாள். எண்ணெய் வழிகிற நான்கு கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. “ஐயோ, களவாணிப் பயலுக!” என்று அவள் போட்ட சத்தத்தில் செல்லப்பா ஓடி வந்தார்.

செல்லப்பா மாட்டைக்கூட அடிக்கிறவர் அல்ல. சக்கரத்துக்கு வைக்கிற முட்டுக்கட்டையைக் கையில் எடுத்த பிறகும் தயங்கினார். அப்போதுதான் உத்தரவு ஞாபகம் வந்தது. அடிக்காவிட்டால் உடந்தை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கட்டை எண்ணெயில் வழுக்கியது. ஆகவே திரும்ப அடித்தார்.

“ஏலே, நான் சேர்மன்லே!”

“அடிபட்டவனெல்லாம் அப்படித்தான் சொல்லுதான். விடாதீரும்!” என்று உலகம்மை கொள்ளிக்கட்டையோடு மறுபக்கக் கதவை மறித்துக்கொண்டாள். தலைவரின் வலது கை முறிந்தது. காரியதரிசி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே உருண்டார். பொத்தின கையில் இரண்டு பல் இருந்தது. ஒலி முகம்மது அரிக்கன் விளக்கைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடித்தார். பிடித்துவிட்டு, உடனே அணைத்துவிட்டார்.

சாயங்காலம் கமிட்டி மண்டபத்தில் விசாரணை. விசாரணை அமைதியாக நடக்க வேண்டும் என்பதற்காகச் செல்லப்பாவை அதற்கு முன்பே அடித்து முடித்திருந்தார்கள். அவரால் நிமிர முடியவில்லை. ஊரே கூடியிருந்தது, பாதிப் பேர் தலையில் கட்டு. தலைவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டின கையைக் கழுத்தில் போட்டிருந்த பூமாலைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“அன்பார்ந்த பொதுமக்களே! உத்தரவுங்கிறது தேர் மாதிரி. வடத்தைப் பிடிச்சு இழுத்தாச்சுன்னா நிறுத்த முடியாது. குறுக்க தலைவனே வந்தாலும் ஏறத்தான் செய்யும். ஏறிருச்சு. செல்லப்பா என்னை அடிச்சது சரி. அடிக்காம இருந்திருந்தா நானே அவரை உடந்தைன்னு உதைச்சிருப்பேன்.”

கூட்டத்தில் தலைக்கட்டுக்காரர் ஒருவர் மெல்ல எழுந்தார். “அந்த உத்தரவை ரத்துப் பண்ணிரலாம்லா, அண்ணாச்சி?”

“ரத்துப் பண்ணினா, இதுவரைக்கும் அடிபட்டவங்க எல்லாம் சும்மா அடிபட்டாங்கன்னு ஆயிருமே! அவுக தியாகத்தை நாம அவமானப்படுத்தலாமா?” என்றார் தலைவர். தலைக்கட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். “ஆனா ஒண்ணு. தலைவன் அடிபட்டிருக்கான். பதிலுக்கு ஒருத்தரும் அடிபடலைன்னா கமிட்டிக்கு என்ன மரியாதை? நியாயமா, அநியாயமாங்கிறது பொறவு. அடி முதல்ல. கதவைத் திறந்து வச்சு எங்களை உள்ள வரச்சொல்லி ஆசை காட்டினது எது? வண்டி. ஆகவே உலக்கைப் பரீட்சை இப்பமே நடக்கும். உத்தரவை ஒழுங்கா நிறைவேத்தின செல்லப்பாவை இந்த நிமிஷமே அமைதித் தொண்டரா நியமிக்கேன். உலக்கையை அவரே பிடிப்பாரு.”

செல்லப்பா உலக்கையைத் தொடவில்லை. பொக்கை வாயோடு காரியதரிசி அவர் காதருகே குனிந்தார். “கிறுக்கா, இது உமக்கு நல்லதுதானவே. சுடலைக்கண்ணு அடிச்சா வண்டி நிக்குமா? உம்ம கையில இருந்தா மெதுவாத் தட்டலாம். நின்னுட்டுன்னா சர்டிபிகேட்.”

அது உண்மைதான் என்று செல்லப்பாவுக்குப் பட்டது. மெதுவாகத் தட்டலாம். வண்டி பிழைக்கும். அந்த நம்பிக்கையில் உலக்கையை வாங்கிக்கொண்டார்.

தொண்டர்களுக்கு மாலை போட்டு மருதமரத்தடிக்கு ஊர்வலமாகப் போனார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கோஷம் போட்டார்கள். செல்லப்பா தகட்டில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

“இது தட்டுதது. இடிக்கச் சொன்னேன்” என்றார் தலைவர். பின்னால் நின்ற சுடலைக்கண்ணு, காலையில் அடிபட்ட முதுகில் கம்பு முனையால் குத்தினான். செல்லப்பா கொஞ்சம் ஓங்கி இடித்தார். தகடு சொட்டையானது.

“மெதுவா இடிக்கது லஞ்சம் வாங்குததுக்குச் சமானம்.” மறுபடியும் முதுகில் குத்து.

மூன்றாவது இடியில் தகடு கிழிந்தது. அந்தச் சத்தம் செல்லப்பாவின் உடம்புக்குள் என்னவோ செய்தது. கிழிந்த இடம் தில்லைநாயகத்தின் வாயாகத் தெரிந்தது. அந்த வாயிலேயே இடித்தார். காதில் ஓதின காரியதரிசியை இடித்தார். சுடலைக்கண்ணுவை இடித்தார். விருதுநகர்ப் பையன் தலையில் விழுந்த அடிக்கும், தன் முதுகில் விழுந்த அடிக்கும், தமுக்குக்கும், தைலத்துக்கும் சேர்த்து இடித்தார். சுடலைக்கண்ணு குத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டான். குட்டிக் கதவு தெறித்துப் போய் ஓடையில் விழுந்தது. பலகைக் கூடு விலா விலாவாக முறிந்தது. கூட்டத்துக்கு வெறி பிடித்துக்கொண்டது. சீசன் முழுக்க அடி வாங்கினவர்களுக்கு, இன்னொன்று அடி வாங்குவதைப் பார்ப்பது தலைக்கட்டின் வலிக்கே மருந்தாக இருந்தது. “இன்னும் ஒண்ணு! இன்னும் ஒண்ணு!” என்று கத்தினார்கள். உலகம்மையும் கத்தினாள். அவள் கத்தினது வேறு. அது செல்லப்பாவின் காதில் விழவில்லை. சக்கரம் ஒடிந்து வண்டி சரிந்தது. அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை. உலகம்மை உலக்கைக்கும் தகட்டுக்கும் நடுவே வந்து விழுந்தாள். உலக்கை அவள் தலைக்குமேல் ஒரு ஜாண் உயரத்தில் நின்றது.

“சுவர் பலமில்லை!” என்று தலைவர் அறிவித்தார். “பொதுமக்களுக்கு வர இருந்த ஆபத்தைத் தொண்டர் செல்லப்பா நீக்கிட்டாரு. இந்தக் கமிட்டி ஆரம்பிச்ச நாள்ல இருந்து இப்படி மனசு வச்சு இடிச்ச தொண்டனை நான் பார்த்ததில்ல. எல்லாரும் கையைத் தட்டுங்க.”

தட்டினார்கள். சுடலைக்கண்ணு தன் கழுத்து மாலையைக் கழற்றிச் செல்லப்பாவுக்குப் போட்டான்.

உலகம்மை மெத்தைப் பஞ்சுக்கு நடுவிலிருந்து எழுந்தாள். புருஷனின் முகத்தையே பார்த்தாள்.

“யாரை இந்த அடி அடிச்சீரு?”

செல்லப்பாவுக்கு மூச்சு வாங்கியது. “அவங்களைத்தாம்ட்டி அடிச்சேன். சத்தியமா, ஒவ்வொரு அடியும் அவங்களைத்தான் அடிச்சேன்.”

“அவங்களையா?” என்றாள் உலகம்மை. “அவங்க அந்தா வெத்தலை போட்டுக்கிட்டு நிக்காங்க. நம்ம வீடுதான் கீழ கிடக்கு.”